தேன்மொழி பத்து எண்ண வேண்டும்

1

யாருமே இல்லாத அறையில் நான் குழாயைத் திறந்தேன். இந்த யோசனை பிறந்தது அந்த நொடியில்தான்.

அயர்லாந்தின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அந்தப் பண்ணைகளிலிருந்து வரும் பாலைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. தஞ்சாவூரில் நுண்ணுயிரியல் படித்து, மேற்படிப்புக்கு இங்கே வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவள் நான். இந்த மாதத்தோடு நான்கு வருடம் முடிகிறது.

ஆய்வகத்தில் ஒரு தொலைபேசி உண்டு. அது அடிக்கும்போதெல்லாம் என் கை ஈரமாக இருக்கும். மணி அடித்ததும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து சோப்புப் போட ஆரம்பித்துவிடுவேன். ஈரக் கையோடு எப்படி எடுப்பது? பக்கத்து மேசை நோரா எழுந்து போய் எடுப்பாள். இவ்வளவு சுத்தமான கை இந்த நாட்டிலேயே வேறு யாருக்கும் இருக்காது என்று ஒருநாள் சொன்னாள். கேலிதான். நான் சிரித்துவைத்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் நோரா விடுப்பு. மற்றவர்கள் கீழே லாரியில் வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. நான் நேரே தொட்டிக்குப் போனேன். பதினோரு முறை அடித்தது, எண்ணினேன். அடித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு யாருக்குக் காட்ட இந்தக் கையைக் கழுவுகிறேன்?

வெட்கம் தாங்காமல், பால் மாதிரிகளை வைக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சும்மா நின்றால் விறைத்துப்போகும் என்று குப்பிகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கிக்கொண்டே, எதற்கென்று தெரியாமல், வாய்விட்டு ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்தக் குப்பியை எடுக்கிறேன். இதன் மூடி தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு மேல்தட்டில் வைக்கிறேன். இது யாருடைய பண்ணையோ, எழுத்து அழிந்துபோயிருக்கிறது.

கை எதைச் செய்ததோ அதையே வாய் சொன்னது. என்ன பேசுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பொருள் கண்ணெதிரே இருந்தது, செயல் கையில் இருந்தது. இருபது நிமிடம் பேசினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான ஆங்கிலம் அதுதான். கேட்டது பால் குப்பிகள்.

தினமும் போனேன். ஆறு வாரம் கழித்து ஆய்வகத் தொலைபேசியை நானே எடுத்தேன். மூன்றாவது மணியில்.

பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்திருக்கிறேன். எழுதச் சொன்னால் இன்றைக்கும் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் வகுப்பில் ஆங்கிலம் என்பது கேட்டால் சொல்கிற பதில். கேட்காதபோது அது வாயில் இருந்ததே இல்லை. இதைத் திருத்திக்கொள்ள அயர்லாந்து எதற்கு, குளிர் அறை எதற்கு? திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் பாத்திரம் இருக்கிறது, பம்புசெட் இருக்கிறது, எல்லோருக்கும் கையும் வாயும் இருக்கின்றன. வேலைக்கு நடுவே தேநீர் நேரத்திலேயே ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். நான் அப்படித்தான். யோசனை வந்தால் சூடு ஆறக்கூடாது.

2

ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் எங்கள் தெரு. தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் வணிகவியல் கடைசி வருடம், ஒரே பஸ், ஒரே பெஞ்சு. ஐந்து பேரின் அம்மாக்களும் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். என் அம்மாவும் போனவர்தான். எங்கள் தெருவில் டிகிரி வாங்கியதில் நான்தான் முதல் பெண். அதனால் இந்த ஐந்து பேருக்கும் நான் அக்கா மட்டும் இல்லை. அவர்கள் வீட்டில் எது பேசினாலும் இழுக்கப்படும் உதாரணம். ‘ரம்யாவைப் பாரு’ என்று திட்டு வாங்கியே என்னை வெறுத்திருக்கலாம். வெறுக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

சட்டதிட்டங்களைக் குரல் பதிவில் அனுப்பினேன். தினமும் இரண்டு நிமிடம். கையில் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதி வைத்துப் படிக்கக்கூடாது. சொல் வரவில்லை என்றால் சுற்றி வளைத்துச் சொல்லலாம், நிறுத்தக்கூடாது. ஒரே வேலையை ஒரு வாரம் முழுக்கச் சொல்ல வேண்டும். ஏழாவது நாள் பதிவையும் முதல் நாள் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். பதிவுகளைக் குழுவில் போடலாம். நான் கேட்பேன், திருத்த மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேல், தனியாகப் பேச வேண்டும். இதை மூன்று தடவை சொன்னேன். பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது.

தனியாக என்று சொல்வது எனக்குச் சுலபம். ஒரு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருந்தால் தனியாக எங்கே போவது? ஒருத்தி பஸ்ஸில் கடைசி இருக்கை. ஒருத்தி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். தேன்மொழி பம்புசெட் கொட்டகைக்குப் போனாள். உங்கள் பெண் கொட்டகைக்குப் பின்னால் எவனோடோ இங்கிலீஷில் பேசுகிறாள் என்று நாலாம் நாளே அவள் அம்மாவிடம் யாரோ வத்திவைத்துவிட்டார்கள். அம்மா கையில் ஒரு கழியோடு போய்ப் பதுங்கி நின்று கேட்டிருக்கிறார். உள்ளே இவள் வாளியை இறக்குகிறேன், வாளியை எடுக்கிறேன், வாளி கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எதிரில் ஆள் இல்லை என்பது தெரிந்தது. பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்.

“ரம்யா, இவ தனியா பேசறாடி. மந்திரிச்சு விடணுமா?”

“வேணாங்க. நல்லாத்தான் இருக்கா. பேசட்டும்.”

“நீயும் அங்க இப்படித்தான் பேசிக்கிட்டிருக்கியா?”

ஆமாம் என்றேன். என் அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்றார்.

3

தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேரில் அவள்தான் வேகம். மூன்றாவது வாரத்திலேயே கைவேலையை விட்டுவிட்டு, பஸ் ஜன்னலில் தெரிவதைச் சொல்ல ஆரம்பித்தாள். உர மூட்டையில் அச்சடித்திருப்பதை வாசித்து, அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். ஆங்கிலச் செய்தியில் அரை நிமிடம் கேட்டு, நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்தாள். இவை எதையும் நான் சொல்லித்தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டாள். நான் அதை மற்றவர்களுக்குச் சட்டமாக்கினேன்.

அவளுக்கு ஒரு கெடு இருந்தது. படிப்பு முடிந்த மறுநாள் முதல் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்க வேண்டும் என்று அவள் மாமா இடம் சொல்லி வைத்துவிட்டார். காலையில் போனால் கடை சாத்தும்வரை உட்காராத வேலை. வேண்டாம் என்றால் வேறு வேலை கையில் இருக்க வேண்டும். கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறவை இந்தப் பருவத்தில் இரண்டே நிறுவனங்கள். முதலாவது, வெளிநாட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் சென்னைக் கம்பெனி. மதிப்பெண்ணில் வடிகட்டி, பிறகு எட்டு எட்டுப் பேராக ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்வார்கள். அதில் தேறினால் வேலை.

“எனக்கு அந்த மேசை போதுங்க்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது அவள் ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

4

குழுவில் செல்வி என்றொரு பெண். முழுப்பெயர் தமிழ்ச்செல்வி, வருகைப் பதிவேட்டில் தேன்மொழிக்கு முந்தைய பெயர். எட்டாம் வகுப்பிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. செல்வி எப்போதும் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுவாள். ஆனால் செப்டம்பரில் அவள் பதிவுகள் திடீரென்று நீண்டன. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒருநாள் காதுக்குள் இயர்போனை வைத்துக் கேட்டேன். செல்வி பாத்திரம் தேய்க்கிறாள். சாம்பல் எடுக்கிறேன் என்கிறாள். நின்றுவிடுகிறாள். உடனே பின்னால் ஒரு கிசுகிசு. செல்வி அதை உரக்கச் சொல்கிறாள். மறுபடி நிற்கிறாள், மறுபடி கிசுகிசு. தேன்மொழியின் குரல்.

பழைய பதிவுகளையும் எடுத்துக் கேட்டேன். மூன்று வாரமாக இதுதான் நடந்திருக்கிறது.

அன்று நான் அனுப்பிய குரல் பதிவை இப்போது கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை. ஏமாற்றுவது யாரை, என்னையா, உங்களையா என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் பொரிந்திருக்கிறேன். தேன்மொழி மட்டும் பதில் போட்டாள்.

“அவ நின்னுட்டாக்கா. நான் பக்கத்துலயே நிக்கறேன். எப்படிக்கா வாய மூடிக்கிட்டு இருக்கறது?”

“அந்த மேசையில யாரு வந்து சொல்லித் தருவா?”

இப்படித் திருப்பிக் கேட்டுவிட்டுக் குழுவை மூடினேன்.

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நடவில் பெண்கள் ஒரே வரிசையாக நின்று, பின்னால் நடந்தபடியே நடுவார்கள். ஆளுக்குக் கை எட்டுகிற அகலத்தில் ஒரு பாத்தி. ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கமும் நாற்று எழும்பிவிடும், நடுவில் வெறும் சேற்றில் அவள் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டு நிற்பாள். அதைவிட அவமானம் கிடையாது. அதனால் பக்கத்தில் நிற்பவள் ஒன்றும் பேசாமல், தன் கையை அகலப் போட்டு, அவள் பாத்தியிலும் நாலு குத்து நாற்று நட்டுக்கொடுப்பாள். கை கொடுக்கிறது என்பார்கள். கேட்டு வாங்குவதும் இல்லை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய், நானும் அப்படிக் கை வாங்கிக் கரையேறியவள்தான்.

ஆனால் இங்கிலீஷ் வயல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் குளிர் அறையில் தனியாகப் பேசித்தான் கற்றேன். எனக்கு யார் கை கொடுத்தார்கள்?

இதை நினைத்த அதே வாரம் நான் செய்த ஒன்றைக் குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறது. அதனால் இந்த நாட்டுக்கு என் பெயர் கோவிந்தராசு. வாழ்நாளில் திருச்சியைத் தாண்டாத என் அப்பாவுக்கு அயர்லாந்து அரசாங்கத்திலிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. இந்த முறை விண்ணப்பத்தில் இரண்டு பெயரும் இடம் மாறிப் பதிவாகி, இணையத்தில் சரிசெய்ய முடியாது, அலுவலகத்துக்குப் போன் செய்து பேசுங்கள் என்று வந்துவிட்டது. ஆய்வகப் போனில் வரும் கேள்விகள் எனக்கு அத்துபடி. பண்ணை எண் என்ன, முடிவு வந்ததா, அவ்வளவுதான். இங்கே எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்றே தெரியாது. கடிதத்தை நோராவின் மேசையில் வைத்தேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். நாற்பது நிமிடம் காத்திருந்தாள், இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.

நான்கு வருடமாக அரசாங்கத்தோடும் வங்கியோடும் மின்சாரக் கம்பெனியோடும் எனக்காகப் பேசிக்கொண்டிருப்பது அவள்தான்.

5

விவாதம் ஊரில் மதியம் இரண்டரைக்கு. இங்கே காலை பத்து. ஆய்வகத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, அலமாரியில் பூட்டிவிட வேண்டும். பத்து மணிக்கு நான் சோதனைத் தட்டுகளில் பால் சொட்டுகளை விட்டுக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு ஒரு வரிசையை இரண்டு தடவை விட்டதைக் கவனித்து மொத்தத் தட்டையும் தூக்கிப்போட்டேன். தேநீர் இடைவேளையில் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. குழுவில் காலையில் ஐந்து பேரும் எடுத்துப் போட்ட படம் மட்டும் இருந்தது. எல்லோரும் துப்பட்டாவைப் பின்குத்தி, நெற்றியில் விபூதியோடு, கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில். தேன்மொழி மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. செல்வியின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இவளுக்குத் தன்னைப் பற்றிப் பயமே இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு மறுபடி திறந்தேன். இன்னொரு பெண் போட்டிருந்த ஒற்றை வரி: செல்வி மட்டும் செலக்ட். தேனு இல்ல.

மூன்று முறை படித்தேன். பெயரை மாற்றிப் போட்டுவிட்டாயா என்று கேட்டு எழுதினேன். இல்லை, சரிதான் என்றாள். தேன்மொழிக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்று பூராவும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு கட்டத்தில், அவள் எங்கே நின்று கையைக் கழுவிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

6

சனிக்கிழமை காலை எட்டுக்கு அவளே கூப்பிட்டாள். ஊரில் பன்னிரண்டரை. சம்பா நடவு. விடுமுறை என்பதால் அம்மாவோடு போயிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து சோறு சாப்பிட்ட கையோடு பேசினாள். பின்னால் பெண்கள் பேச்சும் மடையில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன.

நடந்ததை அவளே சொன்னாள். பெயர் வரிசையில் உட்காரவைத்ததால் செல்விக்குப் பக்கத்தில் இவள். கைபேசி மாணவர்களுக்கு நல்லதா கெட்டதா என்பது தலைப்பு. பத்து நிமிடம். செல்வி தைரியமாக முதலில் ஆரம்பித்தாள், இரண்டு வாக்கியம் சொன்னாள், நின்றுவிட்டாள். மேசை முழுக்க அவளையே பார்த்தது. தேன்மொழி அந்த வாக்கியத்தை எடுத்து முடித்து, இவர் சொல்ல வருவது இதுதான் என்று சொல்லி, மேலே சொல்லுங்கள் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். செல்விக்கு மூச்சு வந்தது, பேசினாள். எதிரில் ஒரு பையன் மடக்கினான், செல்வி மறுபடி நின்றாள், இவள் மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை. மூன்றாவதற்குப் பிறகு செல்வி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டாள். இவள் தன் கருத்தைச் சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்துவிட்டது.

ஆள் எடுக்க வந்த பெண்மணி நல்லவர்தான் போலிருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: இந்த மேசையிலேயே உங்கள் ஆங்கிலம்தான் நன்றாக இருந்தது. ஆனால் உங்கள் கருத்து என்று ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லையே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே தேனு. அங்க போயுமா?”

“தெரிஞ்சேதாங்க்கா பண்ணேன்.”

“தெரிஞ்சேவா?”

“முத தடவ தெரியாம. அடுத்த ரெண்டும் தெரிஞ்சுதான். விட்டுட்டா அவ அழுதிருப்பா. நீங்க திட்டுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு அங்க யாருமே கை கொடுக்கலியாக்கா? எல்லா போனையும் நீங்களேதான் பேசறீங்களா?”

வாயில் ஒரு ‘ஆமாம்’ தயாராக வந்து நின்றது. ஐந்து பெண்களுக்கு உதாரணமாக இருக்கிறவள் சொல்ல வேண்டிய ஆமாம். சொல்லியிருப்பேன். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்ததுதான் என்னை மாட்டிவிட்டது. நோராவைப் பற்றிச் சொன்னேன். வங்கி, மின்சாரம், வசிப்பு அட்டை, கோவிந்தராசு, குழாய்த் தண்ணீர், எல்லாம் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப உங்க வரிசையிலயும் ஆள் இருக்கு” என்றாள். “எங்களை மட்டும் ஏன்க்கா தனியா நிக்கச் சொன்னீங்க?”

தனியாகக் கற்றது என் சாமர்த்தியம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அன்று குளிர் அறையில் எனக்குப் பக்கத்துப் பாத்தியில் யாரும் இல்லாததால் தனியாகக் கற்றேன், அவ்வளவுதான். இல்லாமையைச் சட்டமாக்கி, பக்கத்திலேயே ஆள் இருக்கிற ஐந்து பேருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

அதற்குள் தேன்மொழியின் அம்மா பின்னாலிருந்து, யாரோடு பேச்சு, வேலை நேரம் தெரியவில்லையா என்று சத்தம் போட்டார். என்னோடு என்று தெரிந்ததும் போனுக்குப் பக்கத்தில் வந்தார். செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. கோபத்தைவிட நக்கல்தான் கூடுதலாக இருந்தது.

“இவ இங்கயும் அப்படித்தான். காலைலேர்ந்து அடுத்தவ பாத்தியிலயே கைய விட்டுக்கிட்டு, தன் பாத்தியில நிக்கறா. இப்ப இவளுக்கு நான் கை கொடுக்கணும். கை கொடுக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?”

பெண்கள் சிரித்தார்கள். தேன்மொழி போனை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். பிறகு வரிசை கட்டக் கூப்பிட்டுவிட்டார்கள், போனை வைத்துவிட்டாள்.

7

நான் இருப்பது மன்னார்குடிக்காரத் தம்பதியின் வீட்டு மாடியில். அவர்கள் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. அம்மா தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் மூக்கால் இழுக்கும் இந்த ஊர் ஆங்கிலம். தமிழ் போய்விடுமோ என்று அவள் அம்மாவுக்குத் தினமும் கவலை. அன்று போனை வைத்துவிட்டுக் கீழே போனபோது இனியா எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, எனக்கு அந்த...” என்று தமிழில் ஆரம்பித்துச் சொல் வராமல் நின்றாள். அம்மா வாயைத் திறந்தார். எப்போதும் இப்படித்தான், குழந்தை தேடுவதற்கு முன்பே சொல் தட்டில் வந்து விழுந்துவிடும். இத்தனை நாள் பார்த்தும் அன்றுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மனதுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு. இனியா என் முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். எட்டு. “கொழம்பு எடுக்கறது” என்றாள்.

கரண்டி என்று அம்மா பிறகுதான் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கோ மாடிக்கு ஓடிப்போய்ப் போனை எடுக்க வேண்டும் போலிருந்தது.

பழைய சட்டத்தை அழித்துவிட்டேன். இனித் தனியாகப் பேச வேண்டியதில்லை. ஐந்து பேரும் வரிசையாக உட்கார வேண்டும். ஒருத்தி பேசும்போது பக்கத்தில் இருப்பவள் கை கொடுக்கலாம். ஆனால் நின்றவளுக்கு முதலில் பத்து எண்ணும்வரை நேரம் கொடுக்க வேண்டும். பத்துக்குப் பிறகும் வரவில்லை என்றால் ஒரே ஒரு சொல். முழு வாக்கியம் கூடாது. கை கொடுக்கிறவள் அதற்கு முன்பே தன் கருத்தை ஒன்றாவது சொல்லி முடித்திருக்க வேண்டும். தன் பாத்தி முதலில். செல்வியும் வருவாள். வேலை கிடைத்ததிலிருந்து அவள் தேன்மொழியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தாள். வரிசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அந்த மடக்கிய பையனாக நடிக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது நிறுவனம் வர இன்னும் மூன்று வாரம். தேன்மொழிக்கு அதுதான் கடைசி மேசை. அதற்குப் பிறகு ஜவுளிக்கடை.

இந்தத் திட்டம் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. சட்டங்களைப் படித்துவிட்டு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“முதல்ல நீங்க பேசுங்க. அந்த அட்டை ஆபீசுக்கு. நாங்க கேக்கணும்.”

நோராவிடமிருந்து கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். கடிதத்தோடு அவள் தன் பழைய கைபேசியையும் இரவல் கொடுத்தாள். வியாழக்கிழமை நான் விடுப்பு. காலை ஒன்பதுக்கு அலுவலகத்தின் இணைப்பு திறக்கும். ஊரில் ஒன்றரை, கல்லூரியில் சாப்பாட்டு நேரம். நோராவின் போனில் அலுவலகம், என் போனில் வேப்பமரத்தடியில் ஐந்து பேர். கோவிந்தராசு என்பது என் அப்பா, நான் ரம்யா என்று அந்த அரசாங்கத்துக்கு நானே சொல்ல வேண்டும். அவர்கள் எதிர்பாராமல் எதையாவது கேட்பார்கள். நான் நிற்பேன், அது நிச்சயம்.

அப்போது தேன்மொழி வாயைத் திறக்கக்கூடாது. என் பேச்சு அறுந்து கிடக்கும்போது, தனக்குப் பதில் தெரிந்திருந்தாலும், அவள் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். வியாழக்கிழமை அவளுக்கு அதுதான் பயிற்சி. பேசுவது என் பாடு.

இதைச் சொன்னபோது அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“பேசறதுகூட பரவால்லக்கா. இது முடியுமான்னு தெரியல.”

வியாழன் வரைக்கும் பயிற்சி செய் என்றேன். எப்படி என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடவில், செல்வியின் அம்மா பின்தங்கினால், கை போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார் என்றேன்.

“ஏழு வரைக்கும் பாக்கறேன்” என்றாள்.